கடைசி வண்டிக்கு விட்ட இடம்

முதல் ஆளாக வந்து குறை சொன்னவர் பேக்கரிக்காரர். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அது அமுக்கி வைத்திருந்த முடியைக் கோதிவிட்டுக்கொண்டு நேரே தகவல் கூடாரத்துக்கு வந்தார். வணக்கம் கூடச் சொல்லவில்லை. டீயை ஏன் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தீர்கள், இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவன் அங்கே வரைக்கும் நடக்கவும் வேண்டுமா என்று கேட்டார். கூடாரத்தில் இருந்த, எல்லாரும் அண்ணி என்று கூப்பிடுகிறவள் அவருக்கு ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "சரிங்க, சேர்த்துக்கறேன்" என்றாள். எதில் சேர்த்துக்கொள்கிறாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மேஜையில் தண்ணீர் கேனும் கோப்பைகளும் தலைவலி மாத்திரையும்தான் இருந்தன.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கிடக்கும் மில்லின் மைதானத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுவார்கள். நாலா பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்து, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, போன வருடம் பேசியதையே பேசி, சாயங்காலம் கலைந்து போவார்கள். வண்டி எங்கே நிற்க வேண்டும், டீ எங்கே, மேடை எங்கே, கழிப்பறை எங்கே என்று மேப் போட்டுக் கொடுப்பது அண்ணியின் வேலை. நாள் முழுவதும் கூடாரத்தில் உட்கார்ந்து வழி சொல்வதும், காணாமல் போன சாவியைத் தேடிக் கொடுப்பதும், குறை கேட்பதும் அவள் பாடுதான். பல வருடங்களாக ஒரே மேப். இந்த வருடம் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டாள்.

திட்டு வாங்குவது அவளுக்குப் புதிதில்லை. மற்ற நாட்களில் ஒரு கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. பார்சல் வரவில்லை என்பவர், வந்த பார்சல் உடைந்திருக்கிறது என்பவர், யாரோ அனுப்பிய பார்சல் தனக்கு எதற்கு என்பவர், எல்லாரும் அவள் முகத்துக்கு நேரேதான் கத்துவார்கள். அவள் முகம் எதற்கும் கோணாது. அதனாலேயே எல்லாரும் அவளிடம் வந்து கத்தினார்கள் என்றும் சொல்லலாம். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கே அன்றைக்குக் காலையில் காது புளித்துப் போய்விட்டது.

பேக்கரிக்காரருக்குப் பின்னால் வந்தவர், கழிப்பறை ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் என்ன ஆவது என்றார். காற்று அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்தவர், மேற்குப் பக்கத்து மண் பொலபொலவென்று இருக்கிறது, சைடு ஸ்டாண்டு உள்ளே இறங்குகிறது என்றார். அது நியாயமான குறை. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பக்கம் ஒரு வண்டி சாய்ந்து, அது அடுத்ததைச் சாய்த்து, அது அதற்கடுத்ததைச் சாய்த்தது. அண்ணி எழுந்து ஓடி, தகர டப்பாக்களை மிதித்துத் தட்டையாக்கி ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். அதற்குள் கூடாரத்தின் முன் நாலு பேர் நின்றார்கள்.

ஒருவர் தன் வண்டியையே காணோம் என்றார். விசாரித்தால், வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் போய்த் தேடியிருக்கிறார். காலையில் தானே வேறு இடத்தில் நிறுத்தியதை மறந்துவிட்டார். ஒருவர் வெயில் என்றார். அவர் மனைவி, வெயிலெல்லாம் ஒன்றுமில்லை, இவருக்கு எங்கே போனாலும் ஒரு குறை என்றாள். வண்டிச் சாமான் கடை போட்டிருந்தவர், போன வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இந்த வருடம் வழியிலேயே கடை இருப்பதால் நிற்க நேரமில்லை என்று மூக்கால் அழுதார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மட்டும், கழிப்பறை பக்கத்தில் இருப்பது எவ்வளவு சௌகரியம் தெரியுமா என்று சிரித்தாள். பழக்க தோஷத்தில் அவளிடமும் அண்ணி, "சரிம்மா, சேர்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

டீ, வெயில், மண், காற்று. யாரும் மைதானத்து மரத்தடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அண்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வண்டியை நிறுத்தியதும் கால் தானாக அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் பக்கம் போகும். அங்கே இப்போது மேடை இருக்கும். கொஞ்ச நேரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்கள். பிறகு திரும்பி, நேரே அவளிடம் வந்து, டீ தூரம் என்பார்கள்.

அந்த மரத்தடிக்காகத்தான் அவள் மேப்பையே மாற்றினாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

அவள் அண்ணி ஆனது அவள் புருஷன் எல்லாருக்கும் அண்ணன் என்பதால். வால் அண்ணன் என்றால்தான் சரியாகப் புரியும். கூட்டமாகப் போகும்போது வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால் போவார். எல்லாருக்கும் கடைசியில் ஒருவர் வருவார். யார் வண்டி மக்கர் பண்ணினாலும், யாருக்கு டயர் பஞ்சரானாலும், யாருக்குத் தலை சுற்றினாலும் அவர் நிற்பார். அவர்கள் கிளம்பிய பிறகுதான் அவர் கிளம்புவார். அவருக்கு வால் என்று பெயர். அவள் புருஷன் கல்யாணமான நாளிலிருந்து வால்தான்.

வால் எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும். அதற்குள் மைதானம் நிறைந்துவிடும். அதனால் மரத்தடி வரிசையின் ஓரத்தில், நல்ல நிழலில், அவருக்கென்று ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் விட்டு வைப்பார்கள். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. புதிதாக யாராவது அங்கே நிறுத்தப் போனால், பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் காட்டுவார், அவ்வளவுதான். மத்தியானம் வாக்கில் அவர் புழுதியோடு வந்து அந்த இடத்தில் வண்டியைச் சொருகும்போது எல்லாரும் ஒரு தடவை ஹாரன் அடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ரோட்டில் போகவில்லை. சிறுநீரகம் கைவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில், அண்ணி துவைத்துக் கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு போனார். ரோட்டில்தான் போனார் என்று சொல்லித் திரிகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அப்படி நினைத்துக்கொள்வதுதான் பிடித்திருக்கிறது. அதன் பிறகும் அந்த இடத்தை விட்டுத்தான் வைத்தார்கள். காலியாக. மத்தியானம் அந்தக் காலியிடத்தைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். ஒருவர் பழைய கையுறையை வைத்தார். ஒருவர் எண்ணெய் டப்பா வைத்தார். அண்ணியின் கூடாரம் அதற்கு நேர் எதிரே. சாயங்காலம் அண்ணனின் சிநேகிதரான வெல்டர் மைக்கைப் பிடித்து, "அண்ணன் யாரையும் விட்டுட்டு வந்ததில்ல" என்று தழுதழுத்த குரலில் சொல்வார். கூட்டம் முழுவதும் திரும்பி அண்ணியைப் பார்க்கும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் அழவில்லை. அவளுக்கு லாரி ஞாபகம் வரும்.

அவர் இருந்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் மைதானம் காலியாகும் நேரத்தில் அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். அவர் இன்ஜினை அணைக்காமலே கூடாரத்தின் முன் வந்து நிற்பார். "நீ லாரியில வந்துடு, நான் கடைசி ஆளுக்குப் பின்னாடி போகணும்" என்பார். போய்விடுவார். அவள் கூடாரத் துணியையும் நாற்காலிகளையும் ஏற்றிய லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். லாரி டிரைவர் நல்ல மனிதர். வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு தடவை அவள் புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள், உங்கள் பின்னால் உட்கார்ந்து வரட்டுமா என்று. அப்போ கூடாரத்தை யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். அவள் லாரியில் ஏறிக்கொண்டாள்.

அவள் வந்து வெந்நீர் வைத்த பிறகுதான் அவர் வருவார். முகம் கழுவிக்கொண்டே, யார் யார் எங்கெங்கே நின்றார்கள், யாரை எப்படிக் கொண்டு சேர்த்தேன் என்று சந்தோஷமாகச் சொல்வார். கடைசியில், "எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாச்சு" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்த 'எல்லாரும்' என்பதில் தானும் சேர்த்தியா என்று அவளுக்குத் தோன்றும். கேட்டதில்லை. நல்ல மனுஷன், களைத்து வந்திருக்கிறார், இதைப் போய்க் கேட்பானேன் என்று விட்டுவிடுவாள். அப்படி விட்டு விட்டே காலம் போய்விட்டது. இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் ஒரு காலியிடம் இருக்கிறது, அதற்கு எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள்.

போன வருடம் வீட்டுக்குத் திரும்பியதும், இனி இது என்னால் முடியாது என்று அவள் நினைத்தாள். ஆனால் வராமல் இருக்கவும் மனசு வரவில்லை. ஆபீஸில் அவள் ஒரு கவுன்ட்டர். வீட்டில் ஒற்றை ஆள். அவள் போட்ட கோட்டின்படி நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்பது இந்த ஒரு நாள்தான். அதையும் விட்டுவிட்டால் அவளுக்கென்று என்ன இருக்கிறது?

அதனால்தான் புது மேப். கமிட்டிக் கூட்டம் எப்போதும் செயலாளரின் கிளினிக்கில் நடக்கும். அவர் பல் டாக்டர். அலமாரியில் பிளாஸ்டர் பல்வரிசைகள் இளித்துக்கொண்டிருக்க, அண்ணி மேப்பை விரித்துக் காரணங்களைச் சொன்னாள். பழைய வரிசையில் ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. வண்டிகள் நுழையும் கேட்டின் புழுதி எல்லாம் டீயில் விழுகிறது. மேடைக்கு நிழல் வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக அவள் அதைச் செய்யவில்லை. பல் டாக்டர் மேப்பில் மரம் இருந்த இடத்தில் விரலை வைத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்தார். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், அன்று தன் வாயைத் திறக்கவில்லை. அண்ணி மட்டும் கிளம்பும்போது, இந்த மேப் சரிப்படவில்லை என்றால் அடுத்த வருடம் கூடாரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒரு வருடம் நடத்திப் பார்ப்போம், சாயங்காலம் கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணுவோம் என்றார்.

ஆக, இன்றைய சாயங்காலக் கைகளில்தான் அவள் அடுத்த வருடம் இங்கே வருவதும் வராததும் இருந்தது. காலையில் வரிசைகள் இடைவெளியே இல்லாமல் நிறைந்து நின்றதைப் பார்த்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. இடுப்பு வலித்தது. இன்னும் எத்தனை பேர் டீயைப் பற்றிச் சொல்லப் போகிறார்களோ என்றுதான் இருந்தது.

மத்தியானம் வெல்டர் வந்தார். ஊருக்கெல்லாம் அவர் புகை. வெல்டிங் பட்டறையில் வரும் புகையைவிட அவர் வண்டியில் வரும் புகை அதிகம் என்பதால் அந்தப் பெயர். அண்ணனுக்குப் பின் அவர்தான் வால். இன்னொருவர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் கரியும் வியர்வையுமாக, கேட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டிகளுக்கு நடுவில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். எல்லாரும் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். எதைப் பார்த்து அடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் அடிக்கவில்லை.

புகை வண்டியை வழக்கம்போல மில்லின் சுவரோரம், முள்ளுச் செடிக்குப் பக்கத்தில் விட்டார். வாலான நாளிலிருந்து அவர் அங்கேதான் விடுகிறார். அண்ணன் இடத்தில் தன் வண்டியை விடுவதை அவர் நினைத்தும் பார்த்ததில்லை. வேறு இடமோ அந்த நேரத்துக்குக் கிடைக்காது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார். அண்ணி தண்ணீர் ஊற்றினாள்.

"அண்ணி, அண்ணன் இடம் எங்க?"

நாள் முழுவதும் யாரும் கேட்காத கேள்வியை இவர் வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார். அண்ணிக்கு அதில் ஒரு நிம்மதி கூட இருந்தது.

"எடுத்துட்டேன் தம்பி."

"மேடைக்கு நிழல் வேணும்னு..."

"மேடைக்காக எடுக்கல. எடுக்கணும்னுதான் மேடையை அங்க போட்டேன்."

புகை தண்ணீரைக் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் அண்ணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, ஒன்றும் புரியாத தவிப்பு. ஏன் என்று மட்டும் கேட்டார்.

"வருஷா வருஷம் மைக்குல சொல்றீங்களே, அண்ணன் யாரையும் விட்டுட்டு வந்ததில்லன்னு. நான் எப்படி வீட்டுக்குப் போவேன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க... லாரியில."

"ம். லாரியில."

அதற்கு மேல் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. உங்கள் அண்ணன் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் நல்லவர்தான், ஊரே சொல்வது போல் நல்லவர்தான் என்றாள். "அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கிட்டு நாள் பூரா என்னால உக்கார முடியல. அலுத்துப் போச்சு தம்பி."

புகை கோப்பையை மேஜையில் வைத்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திரும்பி நடந்தார். எத்தனையோ வருடம் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை. வெளியே வந்துவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. செத்தவரைப் பற்றி அவருடைய சிநேகிதரிடமே இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று வேறு அரிக்க ஆரம்பித்தது. அதற்குள் ஒரு தாத்தா வந்து, ஸ்பீக்கர் காதுக்கு நேரே இருக்கிறது என்றார். "சரிங்கய்யா, சேர்த்துக்கறேன்" என்றாள். ஸ்பீக்கர் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் மேடையின் முன் கூடினார்கள். பல் டாக்டர் மைக்கைப் பிடித்து, மேப் பற்றி யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லலாம் என்றார். டீ வந்தது. வெயில் வந்தது. மண்ணும் சைடு ஸ்டாண்டும் வந்தன. சுற்றிச் சுற்றி அங்கேயே மண்டையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பேக்கரிக்காரர் எழுந்தார். காலையில் முதல் குறை சொன்னவர் அவர்தான். அதை அவரே தள்ளிவிட்டார்.

"டீ தூரம், வெயிலு எல்லாம் சும்மா சொல்றோம். அண்ணன் இடம் இல்ல. அதான் விஷயம்."

எல்லாருடைய தலையும் அண்ணி பக்கம் திரும்பியது. அவளுக்கு முகம் சுட்டது. தனக்கு மட்டும் தெரியும் என்று அவள் நினைத்திருந்தது மைதானத்துக்கே தெரிந்திருக்கிறது. அவள் மனசு நோகக் கூடாதென்று நாள் முழுவதும் டீயைச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தக் கரிசனம்தான் அவளை உலுக்கிவிட்டது.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போல அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வெல்டரைக் கூப்பிட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாக்கியம் வரப்போகிறது, கேட்டுத் தொலைப்போம் என்று இருந்தாள். புகை மைக்கை வாங்கி, கொஞ்ச நேரம் அதன் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"அண்ணன் நல்லா வண்டி ஓட்டுவார். என் கிளட்ச் கேபிள் அறுந்து நின்னப்ப கூடவே நின்னார். அவ்வளவுதான்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்த கூட்டம் ஏமாந்து போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சிலர் அதற்காகவே கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார்கள். அண்ணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். புகை அவள் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு கை தூக்கினார்கள். புது மேப்புக்குக் கைக்குழந்தைக்காரி தூக்கினாள். சாமான் கடைக்காரர் இவ்வளவு அழுதும் தூக்கினார். புகை தூக்கினார். பல் டாக்டர் தூக்குவதா, வாட்சைப் பார்ப்பதா என்று தெரியாமல் பாதியில் வைத்துக்கொண்டார். பழைய மேப்புக்கு என்றதும் மைதானமே கையைத் தூக்கியது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்பது அண்ணிக்குப் புரிந்தது. அடுத்த வருடம் வரவேண்டாம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் கூட்டத்தில் பேசியதில்லை. மைக் வேண்டாமென்று கையாட்டினாள்.

"பழைய மேப்பே இருக்கட்டும். மரத்தடி இடமும் இருக்கட்டும். ஆனா அது காலியா கிடக்கக் கூடாது. கடைசியா வர்ற வண்டிக்குன்னு விட்ட இடம் அது. இப்ப கடைசியா வர்றவர் சுவரோரமா முள்ளுல விட்டுட்டு வர்றார். அவர் அங்க விடட்டும்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. இத்தனை வருடம் புகை எங்கே வண்டியை விடுகிறார் என்பதை யாரும் கவனித்ததே இல்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. பேக்கரிக்காரர், "சரிதானே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்படியே செய்துவிடலாம் என்றார் பல் டாக்டர். கூட்டம் கலைந்த பிறகு அவர் மெல்ல வந்து, அடுத்த வருடம் கூடாரம் என்று இழுத்தார். பார்க்கலாம் என்றாள் அண்ணி. இனி வரமாட்டாள் என்று அவர் மனசில் எழுதிக்கொண்டது போல்தான் போனார். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

வண்டிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. அண்ணி நாற்காலிகளை அடுக்கினாள், கூடாரத் துணியை மடித்தாள், மிதித்து நசுக்கிய டப்பாக்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். லாரி டிரைவர் பழக்கத்தில் தன் பக்கத்து சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். அவள் ஓரமாக நின்ற தன் ஸ்கூட்டரைக் காட்டினாள். புருஷன் போன பிறகு, ஆபீஸ் போக வரக் கற்றுக்கொண்டது. பெரிய ரோட்டில் அதை ஓட்டிக்கொண்டு வந்தது இந்த வருடம்தான். காலையில் ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் உயிர் போய் உயிர் வந்தது. டிரைவர் தலையை ஆட்டிவிட்டு லாரியை எடுத்தார்.

கேட்டுக்கு வெளியே, மதகுக் கட்டையில், புகை உட்கார்ந்திருந்தார். வண்டி பக்கத்தில் நின்றது. பொழுது இருட்டத் தொடங்கியிருந்தது.

"எல்லாரும் போயாச்சே தம்பி. வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்கு வாலா பேக்கரிக்காரரை அனுப்பிட்டேன்." அவர் எழுந்து சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீங்க இன்னும் இங்கதானே அண்ணி இருக்கீங்க. கடைசி ஆள் கிளம்பாம நான் எப்படிக் கிளம்பறது?"

அண்ணி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். வாரை மாட்டப் பார்த்தாள். கொக்கி பிடிபடவில்லை. புகை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வழியாக மாட்டிக்கொண்டு, கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள். அதற்குள்ளே அழுதாள். சந்தோஷத்தில் அழுதாளா, இதை வேறொருவர் சொல்லியிருக்க வேண்டுமே என்று அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கும்.

அவள் ஸ்கூட்டர் நத்தை வேகத்தில்தான் போனது. சைக்கிள்காரர் ஒருவர் அவளை முந்திக்கொண்டு போனார். புகையின் வண்டிக்கு இவ்வளவு மெதுவாகப் போய்ப் பழக்கமில்லை. இருமியது, முனகியது, வழக்கத்தைவிட இரண்டு பங்கு புகை விட்டது. ஆனால் விலகவில்லை. லாரிகள் கடக்கும்போதெல்லாம் அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு ஒன்று, கொஞ்சம் கோணலாக, அதே தூரத்தில் வந்துகொண்டே இருந்தது. பாதி வழிக்கு மேல் அவள் பயப்படுவதை மறந்துவிட்டாள்.

அவள் வீடு இருக்கும் தெருமுனையில் இரண்டு பேரும் நின்றார்கள். போய் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்த புகை, கொஞ்சம் தயங்கினார். கைக்குழந்தைக்காரியை விட்டால், அன்றைக்குக் கூடாரத்துக்கு வந்து குறை சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான்.

"அண்ணி, நானும் ஒண்ணு சொல்லலாமா? அந்தச் சுவரோரத்துலேர்ந்து டீ ரொம்பத் தூரம்."

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் சிவந்திருப்பதை அவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சரி தம்பி, சேர்த்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு எத்தனையோ தடவை சொன்னதில் இந்தத் தடவைதான் அதை நிஜமாகச் சொன்னாள். வீட்டைத் திறந்து விளக்கைப் போடும்போதே, அடுத்த வருடம் மரத்தடியின் ஓரத்து இடத்துக்குப் பக்கத்தில் டீ மேஜையைப் போட முடியுமா, அங்கே கேட்டின் புழுதி வருமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.